லினக்ஸ் மின்ட் போட்ட ஐந்தாம் நாள் ‘கிரப் ரெஸ்க்யூ’: விண்டோஸும் வரவில்லை, டி டிரைவ் படங்களும் போய்விட்டனவா?

கொருக்குப்பேட்டை டிடிபி | வெள்ளி, இரவு 7.52

வணக்கம். கடை கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டது, போனிலிருந்து எழுதுகிறேன். இதில் தமிழ் கீபோர்டு மட்டும்தான் எனக்குப் பழக்கம், அதனால் திரையில் வந்த இங்கிலீஷையும் தமிழிலேயே எழுதுகிறேன். அவசரம்தான், ஆனாலும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பாதி சொன்னால் பதிலும் பாதிதான் வரும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் சின்ன டிடிபி கடை. மஞ்சள் நீராட்டு பேனர், கேரம் டோர்னமென்ட் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் நான் ஒருத்தியே செய்கிறேன்.

மிஷின் அசெம்பிள் செய்தது. ஐ5 ஏழாம் ஜெனரேஷன், 8 ஜிபி ரேம். 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10. தனியாக 1 டிபி ஹார்டு டிஸ்க், அதுதான் டி டிரைவ். பதினோரு வருடமாக நான் எடுத்த, ஸ்கேன் செய்த, சரிசெய்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11-க்கு என் பிராசஸர் பட்டியலிலேயே இல்லை. புது மிஷின் வாங்க இப்போது முடியாது. தம்பி பையன் காலேஜ் மூன்றாம் வருடம் படிக்கிறான். “அத்தை, நெட், மெயில், பேங்க் வேலை எல்லாம் லினக்ஸில் பாருங்கள். போட்டோஷாப்புக்கும் பாமினி தமிழ் டைப்புக்கும் மட்டும் நெட் இல்லாமல் விண்டோஸ் போதும்” என்றான். சரியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து, டி டிரைவிலிருந்து 80 ஜிபி பிரித்து அதில் மின்ட் என்கிற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். திங்களிலிருந்து வியாழன் வரை ஒரு குறையும் இல்லை. ஆன் செய்தால் மெனு வரும், மின்ட் வேண்டுமா விண்டோஸ் வேண்டுமா என்று கேட்கும்.

நேற்று ராத்திரி கனமழை என்றார்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் வர அரை மணி நேரம் போதும். கீழே இருந்த பெட்டியை மேசை மேல் தூக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இன்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. சாயங்காலம் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இவ்வளவுதான்:

எர்ரர்: நோ சச் டிவைஸ், அப்புறம் நீளமாக எண்ணும் எழுத்தும்.
என்டரிங் ரெஸ்க்யூ மோட்...
கிரப் ரெஸ்க்யூ

அதற்குப் பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டே நிற்கிறது. தம்பி பையன் ஊரில் இல்லை, போன் எடுக்கவில்லை. வீடியோ பார்த்து ‘எல்எஸ்’ என்று அடித்தேன். ஹெச்டி0, ஹெச்டி0 எம்எஸ்டாஸ்2, ஹெச்டி0 எம்எஸ்டாஸ்1 என்று வந்தது. அதில் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். இரண்டுக்கும் ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ என்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து கை ஓடவில்லை.

அவசரம் ஏன் என்றால், பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இன்று மதியம் தவறிவிட்டார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முப்பது வருடமாகக் கேரம் சொல்லிக் கொடுத்தவர். நாளை பிற்பகல் மூலக்கொத்தளத்தில் அடக்கம். விடிவதற்குள் போஸ்டர் ஒட்ட வேண்டும். வீட்டில் இருப்பது ஆதார் கார்டு படம் மட்டும்தான். 2017-ல் ஒரு டோர்னமென்ட் நோட்டீஸுக்காக நான் அவரைப் படம் எடுத்தேன். போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், விரல் நுனியில் போரிக் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருக்கும், ஸ்டிரைக்கரைத் தட்டப் போகிற நேரம் யாரோ கூப்பிட நிமிர்ந்து சிரித்தார். அந்தப் படம்தான் வேண்டும் என்று அவர் மகள் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அது டி டிரைவில் இருக்கிறது.

பிரஸ்ஸில் 12 மணி வரை மிஷின் ஓடும், 11-க்குள் ஃபைல் போக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.


பழைய வண்ணை சர்வீஸ் | 8.04

சார், டூயல் பூட், அதாவது ஒரே மிஷினில் இரண்டு சிஸ்டம், போட்டாலே இது வரும். நேரம் இல்லை என்றால் விண்டோஸ் பென் டிரைவ் போட்டு, எஸ்எஸ்டியை மட்டும் ஃபார்மேட் செய்து, விண்டோஸை மறுபடி போட்டுவிடுங்கள். 40 நிமிட வேலை. டி டிரைவ் வேறு டிஸ்க் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.


கொருக்குப்பேட்டை டிடிபி | 8.09

சார் இல்லை, அக்கா என்றே சொல்லுங்கள். விண்டோஸ் பென் டிரைவ் கடையில் இருக்கிறது. ஆனால் எஸ்எஸ்டியை ஃபார்மேட் செய்தால் போட்டோஷாப், பேஜ்மேக்கர், பத்து வருடமாகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் போய்விடும். அத்தனையும் மறுபடி போட்டுத்தான் போஸ்டரே செய்ய முடியும். வேறு வழியே இல்லை என்றால் செய்கிறேன். வேறு யாராவது பார்த்தீர்களா?


எண்ணூர் நைட் ஷிஃப்ட் | 8.17

அக்கா, எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். பத்து நிமிடம் கொடுங்கள். நான் ஒரு கன்டெய்னர் யார்டில் சிஸ்டம் பார்க்கிறேன், இந்தத் திரையை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மிஷினில் இரண்டு டிஸ்க் என்கிறீர்கள். எல்எஸ் காட்டியதில் ஹெச்டி0 மட்டும்தான் இருக்கிறது. ஹெச்டி1 எங்கே?

எண்ணி வைத்தாற்போல் ஒரே டிஸ்க், அதில் இரண்டு பார்ட்டிஷன், அதாவது பிரித்த பகுதி. அது உங்கள் எஸ்எஸ்டி. விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கும் சின்னப் பார்ட்டிஷன் ஒன்று, சி டிரைவ் ஒன்று. 1 டிபி டிஸ்க்கை மிஷின் பார்க்கவே இல்லை. மின்ட் இருப்பது அதில்தானே? கிரப் என்பது ஆன் செய்ததும் அந்த மெனுவைக் காட்டுகிற நிரல், அது தேடுகிற டிவைஸ் அதுதான். ‘நோ சச் டிவைஸ்’ என்று அது உண்மையைத்தான் சொல்கிறது.

‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ பார்த்து பயப்பட வேண்டாம். ரெஸ்க்யூ நிலையில் கிரப்பிடம் இருப்பது தன் லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தேவையான துண்டு மட்டும்தான். விண்டோஸ் டிஸ்க்கில் எழுதுகிற என்டிஎஃப்எஸ் முறையை எப்படிப் படிப்பது என்று அதற்கு இப்போது தெரியாது. தெரியாததைத் தெரியாது என்கிறது, கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. உங்கள் சி டிரைவ் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது இரண்டு காரியம் செய்யுங்கள்:

ரீஸ்டார்ட் செய்து டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள், பயாஸ், அதாவது மிஷினின் அடிப்படை செட்டிங் திரை வரும். சில போர்டில் எஃப்2. அங்கே சாட்டா போர்ட், அதாவது டிஸ்க் மாட்டும் இடங்களின் பட்டியலில் எத்தனை டிஸ்க் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். எதையும் மாற்றாதீர்கள்.

அப்புறம், நேற்று பெட்டியைத் தூக்கி வைத்தீர்களே, பின்னால் ஒயர்களைக் கழற்றாமல் இழுத்தா?


கொருக்குப்பேட்டை டிடிபி | 8.29

பயாஸ் பார்த்தேன். சாட்டா 1-ல் எஸ்எஸ்டி பெயர். சாட்டா 2-ல் ‘எம்ப்டி’. சாட்டா 3-ல் டிவிடி ரைட்டர் பெயர். ஹார்டு டிஸ்க் பெயரே இல்லை.

பெட்டியை ஒயரோடுதான் தூக்கினேன். ஒரு பக்கம் சாய்ந்து மேசை விளிம்பில் இடித்தது. அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை, மின்ட் போட்டதால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் செத்துவிட்டதா தம்பி? உண்மையைச் சொல்லிவிடுங்கள்.


எண்ணூர் நைட் ஷிஃப்ட் | 8.36

இன்னும் அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை அக்கா. கேபிளைப் பார்க்காமல் டிஸ்க்கைக் குறை சொல்லக் கூடாது. கடல் பக்கம் இருக்கிற நமக்கு இது அடிக்கடி நடக்கும். உப்புக் காற்றில் கனெக்டர் மெல்லப் பூத்துப் போகும், ஒரு சின்ன இடி போதும், தொடுப்பு விட்டுவிடும்.

மெயின் சுவிட்சை அணைத்து, பவர் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பெட்டியின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சம் இருக்கிற மின்சாரம் போகும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே வெறும் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஹார்டு டிஸ்க்குக்கு இரண்டு ஒயர் போகும். அகலமானது பவர். ஒல்லியானது டேட்டா, அதன் ஒரு முனை டிஸ்க்கில், மறுமுனை போர்டில். தலையில் இரும்பு கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிவப்புக் கேபிள் பலவற்றில் கிளிப் இருக்காது, சும்மா செருகி நிற்கும்.

இரண்டையும் கழற்றி மாட்டுங்கள். தகட்டை மூடாமல் ஆன் செய்து, டிஸ்க்கின் மேல் விரல் நுனியை வையுங்கள். மெல்லிய அதிர்வு இருந்தால் பவர் வருகிறது, டிஸ்க் சுற்றுகிறது. பயாஸில் பெயர் வந்ததா பாருங்கள். டக் டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், அது வேறு கதை.

இன்னொன்று. உங்கள் டிவிடி ரைட்டருக்குப் போகிறதும் இதே டேட்டா கேபிள்தான். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட் இந்நேரம் மூடியிருக்கும், ஆனால் மாற்றுக் கேபிள் உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.


கொருக்குப்பேட்டை டிடிபி | 9.08

தம்பி, வந்துவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இதே மாதிரி யாருக்காவது உதவும். டேட்டா கேபிள் பழைய சிவப்புதான், கிளிப் இல்லை. போர்டு பக்கம் பாதி வெளியே வந்து சாய்ந்து நின்றது. கழற்றி மாட்டி ஆன் செய்து விரல் வைத்தேன், அதிர்வு தெரிந்தது. தையல் மிஷின் தூரத்தில் ஓடினால் சுவரில் தெரியுமே, அந்த மாதிரி. ஆனால் பயாஸில் மறுபடியும் எம்ப்டிதான். நெஞ்சு அடைத்தது. அப்புறம் நீங்கள் சொன்ன மாதிரி டிவிடி ரைட்டரின் கேபிளை எடுத்து மாட்டினேன். பயாஸில் 1 டிபி பெயர் வந்தது. சேவ் செய்யாமல் வெளியே வந்தேன். மெனு வந்தது. மின்ட், விண்டோஸ், இரண்டும்.

விண்டோஸுக்குள் போய் டி டிரைவைத் திறந்து, 2017 ஃபோல்டரில் அந்தப் படத்தைப் பார்த்ததும் அவர் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை.

முதல் வேலையாகப் படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். இப்போது போஸ்டர் வேலை. தோற்றம், மறைவு தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு வருகிறேன்.


பழைய வண்ணை சர்வீஸ் | 9.20

நல்லது அக்கா. நான் எல்எஸ் பட்டியலைச் சரியாகப் பார்க்காமல் ஃபார்மேட் என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இருபது வருட வேலையில் முதலில் கேபிளைப் பார் என்று பையன்களுக்கு நானே சொல்கிறவன்.

எண்ணூர் தம்பி, ஒரு சந்தேகம். கழன்றது லினக்ஸ் இருக்கிற டிஸ்க். விண்டோஸ் முழுசாக எஸ்எஸ்டியில் இருக்கிறது. அப்படியிருக்க விண்டோஸும் ஏன் வரவில்லை? கஸ்டமர் இதைத்தான் கேட்பார்கள், எனக்கே சொல்லத் தெரியவில்லை.


எண்ணூர் நைட் ஷிஃப்ட் | 10.45

அண்ணா, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அக்காவின் மிஷின் பழைய முறையில், லெகசி பயாஸில் பூட் ஆகிறது. அந்த முறையில் பயாஸ் டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது முதல் சின்னக் கட்டத்தை மட்டும் படிக்கும். அது மொத்தம் 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் அடையாளக் குறி. பூட் செய்கிற நிரலுக்கு அதிகபட்சம் 446 பைட்தான் மிஞ்சும். ஏறக்குறைய மூன்று எஸ்எம்எஸ் அளவுதான். அதற்குள் மெனு, படம், எழுத்துரு எதையும் வைக்க முடியாது. அதனால் கிரப் தன்னை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது. முதல் துண்டு அந்த 446 பைட்டுக்குள். இரண்டாவது, முதல் பார்ட்டிஷன் தொடங்குவதற்கு முன்னால் சும்மா கிடக்கிற இடத்தில். மெனுவும் மாட்யூல் என்கிற மற்ற துணை நிரல்களும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள், பூட் ஃபோல்டரில்.

அக்காவின் மிஷினில் முதல் இரண்டு துண்டும் எஸ்எஸ்டியில் எழுதப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் அங்கே வைத்திருந்த 446 பைட்டின் இடத்தில்தான் கிரப் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது துண்டு ஹார்டு டிஸ்க்கில். வாசல் ஒரு வீட்டில், சாவி வேறு வீட்டில். சாவி இருக்கிற டிஸ்க் கழன்றதும், ‘விண்டோஸைக் கூப்பிடு’ என்கிற கட்டளைகூட கிரப்புக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தக் கட்டளையும் ஒரு மாட்யூல்தான், அதுவும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது.

இன்ஸ்டால் செய்த பையன் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். ‘பூட் லோடர் எந்த டிவைஸில்’ என்று இன்ஸ்டாலர் கீழே ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். அதில் முதல் டிஸ்க்தான் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். பெரும்பாலோர் அதை மாற்ற மாட்டார்கள்.

ஃபார்மேட் விஷயத்தில் நான் அவசரமாகத் தடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஃபார்மேட் செய்திருந்தால் எஸ்எஸ்டியில் விண்டோஸின் 446 பைட் திரும்பி வந்திருக்கும், விண்டோஸ் திறந்திருக்கும். ஆனால் கேபிள் அப்படியேதான் கழன்று கிடந்திருக்கும், டி டிரைவ் தெரிந்திருக்காது. லினக்ஸ் போட்டதுதான் பதினோரு வருடப் படத்தை அழித்தது என்று அக்கா நம்பியிருப்பார். அந்தப் பையனும் வாழ்நாள் முழுக்க அப்படியே நினைத்திருப்பான்.


தேரடி மாணவன் | 10.58

அண்ணா, திருவொற்றியூரிலிருந்து. எனக்கும் நேற்றிலிருந்து இதே மாதிரிதான். ஆனால் என் லேப்டாப்பில் ‘ரெஸ்க்யூ’ என்கிற வார்த்தை இல்லை, ‘கிரப்’ மட்டும்தான் இருக்கிறது. மேலே ‘மினிமல் பேஷ் லைக் லைன் எடிட்டிங்’ என்று ஒரு வரி வருகிறது. விண்டோஸ் 11-ம் மின்ட்டும் ஒரே எஸ்எஸ்டியில். நேற்று விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயரே இல்லாத ஒரு 50 ஜிபியைப் பார்த்து, காலி இடம் என்று நினைத்து டெலீட் செய்தேன். நானும் கேபிள் பார்க்க வேண்டுமா?


எண்ணூர் நைட் ஷிஃப்ட் | 11.10

தம்பி, உன்னுடையது வேறு. அந்த 50 ஜிபிதான் உன் மின்ட். லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் பெயர் இல்லாமல் காட்டும். மின்ட்டில் முக்கியமான ஃபைல் ஏதாவது இருந்ததா என்று முதலில் யோசி. இருந்தால் அந்த இடத்தில் புதிதாக எதையும் எழுதாதே, மீட்டெடுக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் என்று ஒரு நிரல் உண்டு, லைவ் பென் டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும்) பூட் செய்து அதைப் போட்டு, அழிந்த பார்ட்டிஷனைத் தேடச் சொல்லலாம்.

விண்டோஸ் உனக்கு இன்றைக்கே வரும். உன் லேப்டாப் யூஇஎஃப்ஐ என்கிற புது பூட் முறை. அதில் முதல் செக்டர் சண்டை இல்லை. சின்னதாக ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும், ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் அதில் ஒரு ஃபோல்டர். மின்ட்டின் ஃபோல்டருக்கு உபுண்டு என்றுதான் பெயர் இருக்கும், குழம்பாதே. ஆன் செய்யும்போது பூட் மெனு பட்டனைத் தட்டு, பல லேப்டாப்பில் எஃப்12, சிலதில் எஃப்9 அல்லது எஸ்கேப். ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடு. நேராகப் போய்விடும்.

திரையில் வெறும் கிரப்பா, கிரப் ரெஸ்க்யூவா என்பதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும். ரெஸ்க்யூ என்றால் மூன்றாவது துண்டு கைக்கு எட்டவே இல்லை. வெறும் கிரப் என்றால் நிரல் முழுசாக ஏறிவிட்டது, மெனு எழுதிய ஃபைல்தான் கிடைக்கவில்லை.


தேரடி மாணவன் | 11.16

எஃப்12-ல் விண்டோஸ் வந்துவிட்டது அண்ணா. மின்ட்டில் புராஜெக்ட் ரிப்போர்ட் ஒன்று இருந்தது. நாளை டெஸ்ட்டிஸ்க் போட்டுப் பார்த்துவிட்டு, தனியாகக் கேள்வி போடுகிறேன், அக்காவின் இழையைக் குழப்பவில்லை.


கொருக்குப்பேட்டை டிடிபி | 11.31

ஃபைல் 10.50-க்குப் போய்விட்டது. பிரஸ்காரர் முதல் ஷீட்டை போனில் அனுப்பினார். பவுடர் ஒட்டிய விரல்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. எண்ணூர் தம்பி, உங்கள் ஷிஃப்ட் நடுவில் எனக்காக உட்கார்ந்து எழுதினீர்கள், மறக்க மாட்டேன். சர்வீஸ் அண்ணா, நீங்கள் உதவத்தானே சொன்னீர்கள், மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

தம்பி பையனும் கூப்பிட்டான், அழுகிற குரலில். உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன்.

இனிமேல் ஒரு டிஸ்க் கழன்றால் இன்னொன்றும் சேர்ந்து நிற்கக் கூடாது. அதற்கு என்ன செய்ய வேண்டும்? அவசரம் இல்லை, நாளைக்குச் சொல்லுங்கள்.


எண்ணூர் நைட் ஷிஃப்ட் | சனி, காலை 6.40

ஷிஃப்ட் முடிந்து எழுதுகிறேன் அக்கா. எதற்கும் முன்னால் படங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். அது முடியாமல் கீழே உள்ள எதையும் தொட வேண்டாம்.

அடுத்து, டிஸ்க் உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்ட்டில் ‘டிஸ்க்ஸ்’ என்று ஒரு செயலி இருக்கும். அதில் 1 டிபியைத் தேர்ந்தெடுத்து, மேலே மூன்று புள்ளியில் ஸ்மார்ட் டேட்டாவைத் திறந்து பாருங்கள், டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைக்கும் கணக்கு அது. மூன்று எண்ணை மட்டும் பார்த்தால் போதும். 5-வது, இடம் மாற்றப்பட்ட செக்டர்கள். 197-வது, படிக்கச் சிரமப்பட்டு வரிசையில் நிற்கும் செக்டர்கள். இரண்டும் சைபராக இருந்தால் நிம்மதி. 199-வது, கேபிள் வழியாக வரும்போது சேதமான டேட்டாவின் கணக்கு. கேபிள் கெட்டால் ஏறுவது இதுதான். ஒரு தடவை ஏறினால் இறங்காது. அதனால் இன்றைய எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, இனி ஏறுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பூட் லோடர். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் காலில் நிற்க வேண்டும். எஸ்எஸ்டியில் விண்டோஸின் லோடர், ஹார்டு டிஸ்க்கில் கிரப்பின் மூன்று துண்டும்.

மின்ட்டில் டெர்மினல் திறந்து, ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி’ என்ற கமாண்டைக் கொடுங்கள். இங்கிலீஷில் எழுத்து எழுத்தாகத் தம்பி பையன் அடித்துக் கொடுப்பான். ஓரிரு கேள்வி வரும், என்டர் தட்டிக்கொண்டே போங்கள். கடைசியில் டிஸ்க் பட்டியல் வரும். ஸ்பேஸ் தட்டி எஸ்எஸ்டிக்கு எதிரே உள்ள நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டு, 1 டிபிக்குப் போடுங்கள். லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பாதீர்கள், கேபிளை இடம் மாற்றினால் பெயரும் மாறும். அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இங்கே சொல்லிவைத்தால்தான் அடுத்த கிரப் அப்டேட் மறுபடி எஸ்எஸ்டியில் போய் எழுதாது.

ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவில் 1 டிபி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கிரப் மெனு வந்து மின்ட் திறந்தால் பாதி வேலை முடிந்தது. வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

வந்துவிட்டால் மிஷினை அணைத்து, பவரைப் பிடுங்கி, ஹார்டு டிஸ்க் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். உங்கள் படங்கள் பெட்டியில் இணைந்தே இல்லாதபோது யார் என்ன தப்புச் செய்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ போய், கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ‘பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்’, நடுவில் ஒரு சாய்கோட்டோடு. அது முதல் செக்டரின் நிரலை மட்டும் மாற்றும், பார்ட்டிஷன் டேபிளைத் தொடாது. பென் டிரைவை எடுத்துவிட்டு ஆன் செய்தால் விண்டோஸ் நேராக வர வேண்டும்.

பிறகு ஹார்டு டிஸ்க்கை மாட்டி, பயாஸ் வரிசையில் அதை முதலாவதாக வையுங்கள். தினமும் மெனு வரும். என்றாவது அந்த டிஸ்க் கழன்றால் பயாஸ் தானாக எஸ்எஸ்டிக்குப் போய் விண்டோஸைத் திறக்கும்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது, டி டிரைவைப் பாதி திறந்தபடியே விட்டுவைக்கும். மின்ட்டிலிருந்து அதில் எழுத முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.


கொருக்குப்பேட்டை டிடிபி | ஒரு வாரம் கழித்து, திங்கள், மாலை 5.15

எல்லாம் முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தேன். ஊர்வலம் போன தெருவெல்லாம் அந்தப் படம்தான். கேரம் கிளப் பிள்ளைகள் ஒரு போஸ்டரை லேமினேட் செய்து போர்டுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிளிப் வைத்த கேபிள் இரண்டும் 2 டிபி வெளி டிஸ்க் ஒன்றும் வாங்கினேன். படம் மட்டும் 340 ஜிபி இருந்தது, ராத்திரி முழுக்கக் காப்பி ஓடியது. அந்த டிஸ்க் இப்போது கடையில் இல்லை, வீட்டில் மேல் அலமாரியில் இருக்கிறது. மழை வந்தால் கடையும் வீடும் ஒரே நேரத்தில் மூழ்கினாலும் அந்த அலமாரி வரை தண்ணீர் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பையன் வந்தான். நீங்கள் சொன்ன வரிசையில் ஒன்றொன்றாகச் செய்தோம். நட்சத்திரக் குறியை மாற்றும் இடத்தில் அவனை நிறுத்தி, இரண்டு தடவை அளவைப் படிக்கச் சொன்னேன். ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுத்தபோது ஹார்டு டிஸ்க் கேபிள் என் கையில் இருந்தது. விண்டோஸ் நேராக வந்தது. எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்க்கலாம் என்று அவன் ஹார்டு டிஸ்க்கை மறுபடி கழற்றி ஆன் செய்தான். எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் ரெஸ்க்யூ திரை வரவில்லை, விண்டோஸ் வந்தது.

ஸ்மார்ட் டேட்டாவில் 5-வது சைபர், 197-வது சைபர். 199-வது 212 இருந்தது. காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். கேபிள் மாற்றி ஆறு நாள் ஆகிறது, இன்று கடை திறந்ததும் பார்த்தேன். 212-லேயே நிற்கிறது.